அம்மா சொன்ன இரண்டு இடங்கள்

திருகோணமலையில் எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்துக்குப் பதினாறு வருடமாக நான் செயலாளர். பந்தல், கதிரை, லைட், பெட்டிக்கான முற்பணம், கிராம உத்தியோகத்தரிடம் போய்வருவது, சுடலைக்கோ சேமக்காலைக்கோ ஆள் அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. செத்தவீட்டில் அழாமல் நின்று காரியம் பார்க்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் நாங்கள்.

எரிப்பதா, தாழ்ப்பதா, அதாவது புதைப்பதா, என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழுவதே இல்லை. சைவ வீடென்றால் சுடலை, வேதக்காரர் வீடென்றால் சேமக்காலை, முஸ்லிம் வீடென்றால் மையவாடி. வழக்கமே முடிவு செய்துவிடும். ஒரு வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி மூன்று இரவு எங்களை விடவில்லை. அதை முழுதாக எழுதி வைக்கவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பிள்ளைகளிடம் கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, பெயர்களை விட்டுவிட்டுத் தருகிறேன்.

குடும்பம்

இறந்தவருக்கு 79 வயது. பாலையூற்றில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கணவர் உப்புவெளிப் பக்கத்துச் சைவர். இரண்டு வீட்டாரும் முகம் கொடுக்காத காலத்தில் பதிவுத் திருமணம் செய்தவர்கள். ஞாயிறு பூசைக்கு அம்மா தவறியதில்லை, வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் சமைத்ததுமில்லை. மூன்று பிள்ளைகள். மூத்த மகனும் இளைய மகனும் தகப்பனோடு கோயிலுக்குப் போய் வளர்ந்தார்கள். நடுவில் பிறந்த மகள் தாயோடு போய் ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்திலேயே கலியாணம் முடித்து, இப்போதும் பாலையூற்றில்தான் இருக்கிறார். இளையவர் ரொறன்ரோவில்.

கணவர் 2009 இல் இறந்தார். மூத்தவர் கொள்ளி வைத்தார், சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். 31ஆம் நாளுக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனார்கள். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று சொல்லி எங்கள் பக்கத்துச் சைவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போகிற ஏழு கிணறுகள் அவை. அதன்பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் பிள்ளைகள் டச் பே கடற்கரைக்குப் போவார்கள். அம்மாவும் போவார். ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும், இறந்தவர்கள் நினைவு நாளில், தன் தாயின் கல்லறைக்கு மகளோடு மெழுகுதிரி கொளுத்தப் போவார். இந்த இரண்டு இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது, அது தீர்ந்ததும் அங்கேதான்.

முதல் இரவு

2022 டிசம்பர். வாடைக்காற்றோடு விடாத மழை. விடியப்புறம் நித்திரையிலேயே போய்விட்டார். பல வருடமாக இருதய நோயாளி, பார்த்து வந்த டொக்டரும் பக்கத்திலேயே இருந்தார். ஆகவே மரண விசாரணை அதிகாரி வரை போகவேண்டி வரவில்லை. கிராம உத்தியோகத்தரின் அறிக்கையை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போய் மரணப் பத்திரம் பதிந்தோம். கனடாவில் லீவுக்குக் காட்டவேண்டும் என்று இளையவர் சொன்னதால் பிரதிகள் கூடவே எடுத்தோம். இந்த வேலைகள் பத்து மணிக்குள் முடிந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விபத்து, விழுந்து அடிபட்டது, சந்தேகம் உள்ள சாவு என்றால் சில வேளை குடும்பம் தெரிவு செய்ய இடமே இருக்காது. பிறகு தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம் என்பதால், எரிக்காமல் புதைக்கச் சொல்லி நீதவானின் உத்தரவு வரக்கூடும். சைவ வீட்டுக்காரர் அப்போது தவித்துப்போவதைக் கண்டிருக்கிறேன். அந்த வேளையில் குருக்களைக் கூட்டிவந்து கதைக்க வைப்பது எவ்வளவோ உதவும்.

உடலைப் பதப்படுத்திப் பெட்டி தருகிற மலர்ச்சாலையிலிருந்து அம்மாவை எடுத்துப்போக வந்த பையன் வாசலில் நின்றபடி கேட்டான்: "எரிக்கிறதோ தாழ்க்கிறதோ அண்ணை? பெட்டியைப் பார்த்துச் சொல்லோணும்."

நான் அதே கேள்வியை வீட்டுக்குள் கொண்டுபோனேன். அது என் பிழை. ஒரே மூச்சில் இரண்டு பதில் வந்தது.

"எரிக்கிறது" என்றார் மூத்தவர்.

"தாழ்க்கிறது" என்றார் மகள்.

மூத்தவருக்குத் தம்பி ரொறன்ரோவிலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்: அம்மா கடற்கரையில் நின்று "நானும் இதுக்குள்ளதான் வந்து சேருவன்" என்று தன் காதால் கேட்கச் சொன்னவ என்று. மகளோ, போன மாதம் 2ஆம் திகதிகூடச் சேமக்காலையில் வைத்து "என்னையும் அம்மாவோட வையுங்கோ" என்று சொன்னவ என்றார். இருவரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அம்மா இரண்டையும்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பக்கமும் என்ன இருந்தது

மூத்தவரை உறவுக்காரர் சிலர் பிடிவாதக்காரர் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பார்கள். தம்பி வந்து கொள்ளிக்குடம் தூக்கவேண்டும், சுண்ணம் இடிக்கவேண்டும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவேண்டும். இதெல்லாம் இல்லாமல் பெற்றவளை அனுப்புவது அவருக்குப் பசியோடு அனுப்புவது மாதிரி. "அப்பாவுக்குச் செய்ததை அம்மாவுக்குச் செய்யாமல் விடுறதோ அண்ணை?" என்று கேட்டபோது அவருக்குக் குரல் உடைந்துபோனது.

மகளின் பக்கம் வேறு. தாய் ஒவ்வொரு ஞாயிறும் முழந்தாளிட்ட தேவாலயம், தாயின் தாய் கிடக்கிற மண். அதோடு அவருக்குப் பயமும் இருந்தது. "நெருப்பில வைக்கிறதை என்னால பார்க்கேலாது" என்று மட்டும் சொன்னார்.

மூத்தவரின் மனைவி வழியில் ஒரு பெரியவர் வந்திருந்தார். "தமிழன் புதைக்கிறதில்லை, அது பிறகு வந்த பழக்கம்" என்றார். அது சரியில்லை என்று அங்கேயே சொன்னேன். சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வகையை மணிமேகலை ஒரே மூச்சில் சொல்கிறது. புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பில் பழங்காலத்து ஈமத்தாழிகள் காடாகக் கிடக்கின்றன, யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் புதைத்த எலும்புக்கூடே கிடைத்தது. சைவத்திலும் துறவிகளுக்குச் சமாதி, பால்குடிகளுக்கு மண், வீரசைவருக்கு மண்தான். மட்டக்களப்புப் பக்கம் போனால் சாதாரணச் சைவ வீடுகளிலேயே தாழ்ப்பது வழக்கம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மூத்தவரின் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை. இது சரித்திரத்தால் தீர்கிற காரியமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில உறவினர் சமயத்தை முன்னே வைத்தார்கள். கத்தோலிக்கரை எரிக்கக்கூடாது என்று அம்மாவின் தம்பி சொன்னார். அதற்குப் பங்குத்தந்தையே வந்து பதில் சொன்னார். 1963 வரை திருச்சபை எரிப்பதைத் தடுத்திருந்தது. அந்த வருடம் வத்திக்கான் அதைத் தளர்த்தியது. விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு செய்யாதவரை எரிக்கலாம், ஆனால் அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. 2016 இல் வந்த அறிவுறுத்தல் இன்னொன்றும் சொல்கிறது: சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ கடலிலோ தூவக்கூடாது, பிள்ளைகள் பங்குபோட்டு எடுக்கக்கூடாது, புனிதமான ஓர் இடத்தில் வைக்கவேண்டும்.

"பூசை நான் வைப்பன், அதில பிரச்சினை இல்லை" என்றார் ஃபாதர். "ஆனால் கடலில கரைக்கிறதுக்கு என்னால செபம் சொல்லேலாது. அதை இப்பவே சொல்லாமல் பிறகு சொன்னால் பிழை."

அவர் அதை முதலே சொன்னது பெரிய காரியம். தெரியாமல் போய்க் கடற்கரையில் முகம் சுளிக்க வேண்டி வந்திருந்தால் அந்தக் காயம் ஆறியிருக்காது.

நான் வைத்த நடு வழி

இரண்டாம் நாள். இளையவர் விமானத்தில் இருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனை என்றும் நினைத்தேன். தேவாலயத்தில் பூசை. பிறகு சுடலைக்குக் கொண்டுபோய் இளையவர் கொள்ளி வைக்கட்டும். சாம்பலைப் பங்குபோடாமல் முழுதாக எடுத்து அம்மம்மாவின் கல்லறையில் வைக்கலாம். எரித்து முடிந்தால் மிஞ்சுவது இரண்டு மூன்று கிலோதான், அதற்குப் பெரிய கிடங்கு வெட்டவும் தேவையில்லை. ஃபாதரின் விதிக்கும் இது ஒத்துவரும், மூத்தவரின் கடமையும் நிறைவேறும்.

சொல்லி முடித்ததும் மூத்தவர் கேட்டார்: "கடலில விடாமல் மண்ணுக்க வைக்கிறதெண்டால் பிறகென்னத்துக்கு அண்ணை எரிக்கிறது?"

மகளும் கேட்டார்: "அம்மாவை எரிச்சுப்போட்டு ஒரு சட்டியில கொண்டுவந்து அம்மம்மாவிட்டக் குடுக்கிறதோ?"

மூன்று நாளில் அண்ணனும் தங்கச்சியும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு தடவைதான், அதுவும் என் யோசனையை வேண்டாம் என்று சொல்வதற்கு. கணக்குப்படி அது நியாயமான பங்கு. ஆனால் அந்த வீட்டில் ஒருவராவது வேண்டும் என்று கேட்ட காரியம் அதில் இல்லை. இப்படிப் பாதிபாதி வெட்டிக் கொடுக்கிற யோசனைகளை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை.

"இப்ப தாழ்ப்பம், பிறகு மனம் மாறினால் எடுத்து எரிக்கலாம். எரிச்சதைத் திருப்பேலாது தானே" என்று இன்னொருவர் சொன்னார். அடிக்கடி கேட்கிற வாதம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தாழ்த்ததை எடுக்கிறதென்றால் அனுமதி வேண்டும், அதிகாரிகள் நிற்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகள் மனம் துணிய வேண்டும். நான் அறிய எந்தக் குடும்பமும் அப்படிச் செய்யவில்லை. செய்யாத ஒன்றை நம்பி எடுக்கிற முடிவு முடிவாகாது.

இதற்கிடையில் மலர்ச்சாலையிலிருந்து ஒரு கோல். எம்பாம் செய்கிறவர் கேட்டார்: "அம்மாவுக்கு நெஞ்சில மெஷின் ஏதும் வைச்சிருக்கோ? இடப்பக்கம் தோலுக்குக் கீழ தட்டுப்படுது."

பேஸ்மேக்கர். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. எரிப்பதென்றால் அதைக் கட்டாயம் எடுக்கவேண்டும். உள்ளே இருக்கும் பற்றரி சூட்டில் வெடிக்கும், வாயு அடுப்பென்றால் அடுப்பு உடையும், விறகென்றால் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து. சிறு வெட்டு வெட்டி, வயரைத் துண்டித்து எடுப்பது அவர்களுக்குப் பத்து நிமிட வேலைதான். தாழ்ப்பதென்றால் எடுக்கத் தேவையில்லை. மகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் சங்கத்து அங்கத்தவர் புத்தகத்தில் இப்போது இதற்கு ஒரு கோடு ஒதுக்கியிருக்கிறோம்.

மழையும் தன் பங்குக்கு வந்தது. மார்கழியில் எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் மழையோடுதான் செய்யவேண்டும். சுடலையில் கொட்டகைக்குள் அடுக்கினாலும் விறகு ஈரமாகத்தான் வரும். ஒரு உடலுக்குச் சில நூறு கிலோ வேண்டும், அதில் பாதி நனைந்திருந்தால் சாமத்திலும் ஆள் நின்று கிளறவேண்டும். சேமக்காலையில் மணல் நிலம், கடல் பக்கம், நாலடி வெட்டினால் தண்ணி ஊறும். செலவும் அப்படித்தான். எரித்தால் அன்றோடு முடிகிற செலவு, விறகும் மேளமும் குருக்களும். தாழ்த்தால் அன்றைக்குக் குறைவு, பிறகு கல்லறை கட்டுகிற செலவு வரும். எதையும் பார்த்து இதுதான் இலேசு என்று சொல்ல முடியவில்லை. அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, வசதியைப் பார்த்து முடிவெடுத்தோம் என்று யாருக்கும் பிறகு குற்றவுணர்வு வராது.

எங்கே நின்று சொன்னவ?

மூன்றாம் நாள் பின்னேரம் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து இளையவர் வந்து இறங்கினார். மழையில் வீதி எல்லாம் வெள்ளம், வரப் பிந்திவிட்டது. தாயைப் பார்த்து அழுது ஓய்ந்தபிறகு மூன்று பிள்ளைகளையும் பின் விறாந்தையில் இருத்தினேன். மற்றவர்களை முன்னுக்குப் போகச் சொன்னேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அந்தமுறை எரிப்பதா தாழ்ப்பதா என்று கேட்கவில்லை. "அம்மா என்ன சொன்னவ எண்டு எனக்குத் தெரியும். எங்க நிண்டு, எப்பிடிச் சொன்னவ? அதைச் சொல்லுங்கோ" என்றேன்.

மகள் முதலில் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்ததாம். மெழுகுதிரி அணைந்து அணைந்து போனதாம். அம்மா குந்தியிருந்து கல்லறையின் கால்மாட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாராம். பிறகு எழும்பி, கால்மாட்டிலிருந்து அடுத்த கல்லறை வரை செருப்புக் காலால் மூன்று அடி வைத்து அளந்தாராம். "இதில இடம் காணும். பக்கத்துக்காரரிட்டக் கேக்கத் தேவையில்லை. என்னையும் அம்மாவோட வையுங்கோ" என்றாராம்.

இளையவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 2018 ஆடி அமாவாசை. அவர் லீவில் வந்து நின்ற வருடம். டச் பேயில் தர்ப்பணம் முடித்து, நனைந்த வேட்டியோடு கரைக்கு வந்திருக்கிறார். அம்மா கால் நனைகிற இடத்தில், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோணேசர் மலைப் பக்கம் பார்த்து நின்றாராம். கையில் தண்ணியை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு "நானும் இதுக்குள்ளதான் வந்து சேருவன்" என்றாராம்.

"உங்களைப் பார்த்தோ சொன்னவ?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "இல்லை அண்ணை. கடலைப் பார்த்து. அப்பாவுக்குச் சொன்னவ." பிறகு, "நான் பக்கத்தில நிண்டதால எனக்குக் கேட்டது" என்றார்.

அதன்பிறகு விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. மழைத் தாழ்வாரத்தில் வாளி நிறைந்து வழிகிற சத்தம் மட்டும். இளையவர்தான் சொன்னார்: "அக்காவுக்குச் சொன்னது எங்களுக்குச் சொன்னது. தாழ்ப்பம் அண்ணா."

ஒரு பெண் தன் புருஷனுக்குச் சொன்ன வார்த்தை ஒன்று, பிள்ளைகளுக்குச் சொன்ன ஏற்பாடு ஒன்று. இரண்டும் உண்மை. ஆனால் அடியளந்து, அயல் கல்லறைக்காரரையும் யோசித்துச் சொன்னதுதான் நடத்தச் சொன்னது. இறந்தவர் சொன்னதாக வருகிற வார்த்தைகள் எல்லாம் கட்டளை அல்ல. சில ஏக்கம், சில கோபம், சில அந்த நேரத்து அன்பு. "என்னைத் தூக்கிக் குப்பையில போடுங்கோ" என்று சொன்ன ஒரு தகப்பனின் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆடம்பரம் ஒன்றும் வேண்டாம் என்று வாதாடிய பிள்ளையையும் கண்டிருக்கிறேன்.

அடக்கம்

பங்கின் அனுமதியோடு அம்மம்மாவின் கல்லறையைத் திறந்தார்கள். அம்மா அளந்த கால்மாட்டு நிலம் ஆழத்துக்குப் போதவில்லை, வேர் ஓடியிருந்தது. 1984 இல் தாழ்த்த இடம். பெட்டி இருந்த அடையாளம் கறுத்த மண்ணாகத்தான் தெரிந்தது. மிஞ்சியிருந்த எலும்புகளைக் கிடங்கு வெட்டுகிறவர் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் ஒதுக்கி வைத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த மனிதருக்கு. அந்தத் துணியை முடிச்சுப் போடும்போது "அம்மா, மகள் வாறா, கொஞ்சம் இடம் விடுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலடியில் தண்ணி வந்தது. பூசை முடிந்து ஊர்வலம் வருவதற்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. மூன்று பெடியள் வரிசையில் நின்று வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. ஈரம் கசிகிற கிடங்கில் பெட்டி மிதக்கப் பார்க்கும், இறக்கின உடனே மண் போட்டு அழுத்தவேண்டும். அந்தக் காட்சி வீட்டாருக்குத் தாங்காது. அதனால் தேவாலயத்துக் கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலைக் கேட்டு வாங்கி, தறப்பாளின் கீழ் காய்ந்துகிடந்த உள்மணலாகப் பார்த்து ஒரு அடி உயரத்துக்குக் கொட்டினோம். பெட்டி அதன்மேல்தான் போய் இருந்தது.

மூத்தவருக்காக ஃபாதரிடம் ஒன்று கேட்டிருந்தேன். வீட்டிலிருந்து எடுக்குமுன் அவர்கள் தங்கள் முறைப்படி வாய்க்கரிசி போடட்டும், அதன்பிறகு நீங்கள் வாங்கோ என்று. ஃபாதர் தலையாட்டினார். சரியாக அரைமணித்தியாலம் பிந்தி வந்தார். அந்த அரைமணிக்குள் இரண்டு மகன்களும் பேரப்பிள்ளைகளும் அரிசி போட்டார்கள், சிவபுராணம் படித்தார்கள். மகளும் அரிசி போட்டார். கிடங்கில் முதல் பிடி மண் இளையவர், இரண்டாவது மூத்தவர், மூன்றாவது மகள். 31ஆம் நாள் காலையில் தேவாலயத்தில் பூசை. மூத்தவர் அன்று விடியவே கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டு, நேராகப் பூசைக்கு வந்து கடைசி வாங்கில் இருந்தார்.

தெரிவு இல்லாதவர்கள்

அந்த மூன்று நாளும் எனக்கு அடிக்கடி நினைவு வந்தது முந்திய இரண்டு வருடங்கள்தான். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆகவேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் எனக்குத் தெரிந்த முஸ்லிம்கள், செத்தால் எரித்துவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்திருந்தார்கள். 2021 பெப்ரவரி 25 இல்தான் அந்தக் கட்டளை நீங்கியது. அதன்பிறகும் மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகர் ஒன்றில்தான் தாழ்க்கலாம் என்று வைத்தார்கள். ஒரு வருடம் வரை நாட்டின் எந்த மூலையில் இறந்தவரையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்த ஜனாசாக்களின் பிள்ளைகளுக்குப் போய் நிற்க இடம் எங்கே?

2004 சுனாமியிலும் அப்படித்தான். கரையோரத்தில் ஒன்றாகப் புதைத்தவர்களில் யார் எங்கே என்று தெரியாது. உடல்களால் நோய் பரவும் என்ற பயத்தில் அவ்வளவு அவசரப்பட்டோம், அந்தப் பயம் பெரும்பாலும் தவறு என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ஆகவே ஒரு குடும்பத்துக்கு இரண்டு வழியும் திறந்திருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்குத் தெரியும். அதை அந்த விறாந்தையில் நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் மற்றவரின் துக்கத்தைக் காட்டுவது ஆறுதலாகாது.

புத்தகத்தில் சேர்த்த பக்கம்

இப்போது சங்கத்தில் சந்தா புதுப்பிக்க வருகிற வயதானவர்களிடம் ஒரு தாள் கொடுக்கிறோம். எரிப்பதா தாழ்ப்பதா என்று அதில் முதல் கேள்வியாக இல்லை. "உங்களைப் பார்க்கப் பிள்ளைகள் எங்கே வரவேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. கடற்கரை என்றால் ஒரு வழி, கல்லறை என்றால் ஒரு வழி, எங்கேயும் வரவேண்டாம் வீட்டில் விளக்கு வைத்தால் போதும் என்றால் இன்னொரு வழி. அதிலிருந்தே மற்றது தானாக வந்துவிடும். அடுத்தது, யார் வரும்வரை வைத்திருக்கவேண்டும், எத்தனை நாள் வரை. பிறகு உடலில் மெஷின் ஏதும் உண்டா. கடைசியில், எந்தக் கிரியை, யார் செய்யவேண்டும்.

இதை மரணசாசனத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சியோடு எழுதுகிற பத்திரம் காணி பூமிக்குச் சரி. அதைத் தேடி எடுத்துத் திறக்கிறபோது எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்திருக்கும். தாளை நிரப்பியபிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வாசித்துக் காட்டச் சொல்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர் வட்ஸ்அப்பில் இருக்கட்டும். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அம்மா ஆகிவிடுவா. சிலர் தாளை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவதில்லை. வற்புறுத்துவதில்லை. வீட்டில் அந்தக் கதை ஒருமுறை எடுபட்டிருக்கும், அது போதும்.

மூத்தவருக்கு முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடச் சித்திரா பௌர்ணமிக்கு, தாய்க்கு விரதம் இருக்கிற நாளில், டச் பேக்குத் தனியே போய் வந்தார் என்று அறிந்தேன். கல்லறை கட்டும் கதை வந்தபோது, மண் இறங்க ஒரு மாரி போகட்டும் என்று மேசன் சொன்னார். மாரி போய் மாசியில் கட்டினார்கள். கல்லில் என்ன வெட்டுவது என்று தங்கச்சி கேட்டதற்கு மூத்தவர் ஒரு தாளை நீட்டினாராம். அம்மம்மாவின் பெயர், அம்மாவின் பெயர், அதற்குக் கீழே அப்பாவின் பெயரும் 2009 ஆம் வருடமும், பக்கத்தில் "கடலில்" என்று ஒரு சொல். ஃபாதரிடம் காட்டினார்கள். அவர் வாசித்துவிட்டு, தாளை மடித்து மேசனிடமே கொடுத்தார். மூன்று பெயரையும் ஒரே அளவு எழுத்தில் வெட்டுவதென்றால் கல் இன்னும் அரை அடி நீளம் வேண்டும் என்றார் மேசன். அந்த அரை அடிக் காசை இளையவர் ரொறன்ரோவிலிருந்து அனுப்பினார்.